பத்தாவது ஆள்

இசைவாணிக்கு மூன்று வாரமாக ஒரே தலைவலி. ஷேர் ஆட்டோவை வைத்து ஒரு சின்னக் காமெடி நாடகம் எழுதியிருந்தாள். பத்து பேர் ஏறினால்தான் வண்டியை எடுப்பேன் என்று அடம்பிடிக்கும் டிரைவர், உள்ளே நசுங்கிக்கொண்டு காத்திருக்கும் ஜனங்கள். ஆரம்பம் நன்றாக வந்துவிட்டது. நடுவிலும் சிரிப்புக்குக் குறைவில்லை. முடிவுதான் சரியாக வரவில்லை. பத்தாவது ஆள் ஏறியதும் டயர் பஞ்சராகிவிடும் என்று எழுதி வைத்திருந்தாள். படித்துப் பார்த்தால் அவளுக்கே சிரிப்பு வரவில்லை.

கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. அங்கே வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதவே ஆரம்பித்தாள். நிஜமாகவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தமிழழகனும், மலைமேல் வெள்ளிமலையில் செல்போன் கடை வைத்திருக்கிற சந்தோஷும் அவளோடு நடிப்பார்கள். மூவரும் போட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு, சின்னசேலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பொங்கல் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை.

சாயந்திரம் ஐந்தரைக்கு சந்தோஷ் போன் செய்தான். "மலை ரோட்டுல மரம் வுழுந்து கெடக்குது. பஸ்ஸு நின்னுகினு இருக்குது. நீங்க ஆரம்பிச்சிடுங்க."

பத்தாவது ஆளாக நடிக்க வேண்டியவன் அவன்தான்.

"இப்ப இன்னா பண்றது?" என்றான் தமிழழகன்.

"ஆரம்பி. நடுவுல எதுனா தோணும்." சொல்லிவிட்டாளே தவிர, என்ன தோன்றும் என்று இசைவாணிக்கே தெரியவில்லை.

இரண்டு பெஞ்சுதான் ஆட்டோ. துப்பட்டாவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஒன்பது பேராகவும் இசைவாணியே பேசினாள். "இன்னும் ஒரே ஆளுதாங்க, கெளம்பிடலாம்!" என்று தமிழழகன் கூவும்போதெல்லாம் முன்வரிசைப் பிள்ளைகளும் சேர்ந்து கூவினார்கள். கடைசிக் கட்டமும் வந்தது. ஒன்றும் தோன்றவில்லை. தமிழழகன் கூவினான். மறுபடியும் கூவினான். மூன்றாம் தடவை குரல் இறங்கிவிட்டது.

கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் எழுந்தாள். ஐம்பது வயதிருக்கும். விறுவிறுவென்று மேடையேறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

தமிழழகன் திகைத்துப்போய், "எங்கம்மா போவணும்?" என்றான்.

"எங்கியும் போவலப்பா. ஒரு வாரமா கரும்பு வெட்டி இடுப்பு கழண்டுபோச்சு. நீ எப்பிடியும் கெளம்பப் போறதில்ல. செத்த ஒக்காரலாம்னு வந்தேன்."

சிரிப்பில் பந்தலே அதிர்ந்தது.

இசைவாணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தள்ளுங்கய்யா எல்லாரும், அக்கா காலை நீட்டிக்கட்டும்!" என்றாள். அந்த அம்மாள் நிஜமாகவே நீட்டிக்கொண்டாள். அதற்குமேல் என்ன வேண்டும்? அங்கேயே முடித்துக்கொண்டு இருவரும் கும்பிட்டார்கள்.

கீழே இறங்கியதும் இசைவாணி அவளைத் தேடிப் பிடித்தாள். பெயர் குஞ்சம்மாள், கூலி வேலை.

"யம்மா, நீங்க சொன்னத நான் எழுதிக்கட்டுங்களா? எழுதினவங்கன்னு எம் பேரோட உங்க பேரையும் போட்டு வீடியோ வுடறேன்."

"எனக்கு எழுதவே தெரியாதேம்மா."

"சொன்னீங்க இல்ல, அது போதும்."

குஞ்சம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப பெருசாவே போடு. எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு பார்வ கம்மி."

அடுத்த வாரம், சந்தோஷும் வந்து சேர்ந்தபிறகு, குஞ்சம்மாளையே நடிக்க வைத்து வீடியோ எடுத்துப் போட்டார்கள். முதலில் குஞ்சம்மாள் பெயர், கொட்டை எழுத்தில். கீழே இசைவாணி.

மறுநாள் ஜெராக்ஸ் கடையில் இருக்கும்போது போன் வந்தது.

"நான் குஞ்சம்மாள் பேசறேன். அடுத்தது எப்பம்மா? ஞாயித்துக்கெழமன்னா எனக்கு வேல இல்ல."

"ஞாயித்துக்கெழமயே வெச்சிக்கலாம், வாங்கம்மா," என்றாள் இசைவாணி. போனை வைத்துவிட்டு, பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் அப்போதே எழுத உட்கார்ந்தாள்.