சாவியோடு நின்ற முட்டை வண்டி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் யாருடைய வண்டி இருமினாலும் ரமேஷ்பாபு ஓடிப்போய்க் காது கொடுப்பார். கோவில்பட்டிக்காரர். நாமக்கல்லிலிருந்து முட்டை வரவழைத்துப் ஃபோர்ட் கொச்சி ஹோட்டல்களுக்குப் போடுவது அவர் தொழில். சத்தத்தை வைத்தே வண்டியின் நோயைச் சொல்லிவிடுவது, அவர் எண்ணத்தில், தனக்குக் கிடைத்த வரம். அவர் பேச்சைக் கேட்டு இன்ஜினைப் பிரித்தவர்கள் அதன்பிறகு அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அதைப் பொறாமை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவருடைய பழைய டீசல் பிக்கப் இந்த மழைக்காலத்தில் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் இழுத்துக்கொண்டே இருக்கும், பற்றாது. பக்கத்து மிளகுக் கிடங்கின் சுமைக்காரர்கள் வந்து தள்ளினால்தான் வெள்ளைப்புகை கக்கி உயிர் பெறும்.

முதலில் பேட்டரி என்றார். புதிது போட்டார். வண்டி முன்னைவிட வேகமாக இழுத்தது, அவ்வளவுதான். அப்புறம் ஸ்டார்ட்டர் மோட்டார். அப்புறம் ஹீட்டர் பிளக். எதை மாற்றினாலும் ஓரிரு நாள் மரியாதைக்குக் கிளம்பும். அந்த ஓரிரு நாளும் சாயாக்கடையில் அவர் வாய் மூடாது. கடைசியில் பழி பெட்ரோல் பங்க் மேல் விழுந்தது. டீசலில் தண்ணீர் கலப்பதாகச் சண்டைக்குப் போனார். பங்க்காரர்கள் அவர் எதிரிலேயே கண்ணாடிக் குடுவையில் பிடித்துக் காட்டினார்கள். தெளிவாக இருந்தது. கண்ணுக்கே தெரியாத மாதிரி கலக்கிறார்கள் என்று கண்டுபிடித்துத் திரும்பினார்.

மனைவி இசக்கிசெல்வி ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். “வண்டிக்கு அடியில தினமும் டீசல் சொட்டிக் கெடக்கு. எங்க ஒழுகுதுன்னு பாக்கக் கூடாதா?”

“ஒழுகுனா டீசல் கொறையும். ஸ்டார்ட் ஆவாம ஏன் போவுது? நீ தோசையப் பாரு.”

தோசை எப்போதும்போல் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் கிடங்கு வாசலில் முட்டை லோடோடு வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை அதிலேயே விட்டு, சாயா குடிக்கப் போனார். சாவியை எடுக்கவில்லையா என்று கடைக்காரர் கேட்டதற்கு, நாலு பேர் இல்லாமல் அதை அசைக்க எவனால் முடியும் என்றார். திரும்பி வந்தபோது வண்டி இல்லை.

திருடன் அவசரப்படவில்லையாம். பானெட்டைத் திறந்து வைத்து நிதானமாகக் குடைந்திருக்கிறான். அந்த வண்டியின் பானெட் மூடியிருந்தால்தான் தெருவுக்குச் சந்தேகம் வந்திருக்கும். சுமைக்காரர்கள் வேறு, தள்ளிவிடவா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு ஒரே திருப்பில் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறான். ரமேஷ்பாபு கடைசியில் நல்ல மெக்கானிக் ஒருத்தனைப் பிடித்துவிட்டார் போல என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். இனி தள்ள வேண்டாமே.

ஸ்டேஷனில் புகாரை நம்ப ஆளில்லை. அங்கிருந்த கான்ஸ்டபிளே அந்த வண்டியை இரண்டு தடவை தள்ளியவர். எஸ்.ஐ. தன்யா மலையாளம் கலந்த தமிழில், “சேட்டா, ஸ்டார்ட் ஆகாத வண்டிய ஆரு கொண்டுபோவா? எங்கயாச்சும் நிறுத்திட்டு மறந்தோ?” என்று கேட்டார். வண்டி போனதைவிட அது ரமேஷ்பாபுவுக்கு வலித்தது.

சாயங்காலம் அவரிடம் முட்டை வாங்கும் கும்பளங்கி ஹோம்ஸ்டேக்காரர் ஒருவர் போனில் கூப்பிட்டு எகிறினார். உங்கள் புது ஆள் பாதி விலைக்கு முட்டை கொடுக்கிறானே, இத்தனை நாள் எங்களை மொட்டையடித்தீர்களா என்று கேட்டார். போலீஸ் அங்கே போனபோது வண்டியைச் சுற்றிக் கூட்டம். திருடன் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தான்.

பெயர் விஸ்வநாத், களமசேரி ஆள். ஸ்டேஷன் பெஞ்சில் அவனைப் பார்த்ததும் ரமேஷ்பாபு அடிப்பார் என்று கான்ஸ்டபிள் குறுக்கே வந்து நின்றார். அவரோ அவன் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, எப்படி ஸ்டார்ட் பண்ணுன?”

“ஏர் எடுக்குது, சேட்டா. ஃபில்டருக்கு வர்ற டீசல் ஹோஸ்ல கிளிப் லூஸ். நின்னா டீசல் டாங்குக்கே திரும்பிப் போகும், காத்து ஏறும். கிளிப்ப முறுக்கிட்டு, கைப்பம்ப அமுக்கிக் காத்த எடுத்தேன். அத்ரே உள்ளூ, அவ்வளவுதான்.”

“அப்ப பேட்டரி?”

“புதுசாணல்லோ. கொள்ளாம்.”

நன்றாக இருக்கிறது என்று சொல்கிறான் என்பது புரிந்ததும் ரமேஷ்பாபுவின் முகம் மலர்ந்தது. தன் கையால் செய்த ஒன்றையாவது விவரம் தெரிந்த ஒருவன் பாராட்டிவிட்டான். கியர் மாற்றும்போது வரும் சத்தத்தைப் பற்றியும் கேட்க ஆரம்பித்தார். தன்யா அவரை வெளியே போகச் சொன்னார்.

கோர்ட்டு நடைமுறை முடிந்து வண்டி கைக்கு வந்தது. விரல் பட்டாலே கிளம்புகிறது. கீழே ஒரு சொட்டு டீசல் இல்லை. இசக்கிசெல்வி அதைப் பார்த்தாள். நேராகத் தோசை வார்க்கப் போனாள். அதுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு வாரத்துக்குள் சாயாக்கடையில் கதை வேறாகிவிட்டது. ஏர் என்று தனக்கு முதலிலேயே தெரியுமாம். முந்தின நாள்தான் கிளிப்பை முறுக்கினாராம். முறுக்கியிருக்காவிட்டால் திருடனால் கிளப்பியிருக்கவே முடியாதாம். அன்றைக்குத் திருடனிடம் தள்ளிவிடவா என்று கேட்ட சுமைக்காரர்கள் இருவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சாயாவை ஊதிக் குடித்தார்கள்.

வெளியே ஒரு ஆட்டோ கிளம்ப மாட்டாமல் திணறியது. ரமேஷ்பாபு கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். அவர் வருவதைக் கண்ட ஆட்டோக்காரர் அவசரமாக இறங்கி, ஆட்டோவைக் கையாலேயே தள்ளிக்கொண்டு அடுத்த சந்துக்குள் போய்விட்டார்.