அம்பதா, எம்பதா?

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளும் விமானம் ஓட்டியதில்லை, கம்ப்யூட்டரில்கூட. ஆனாலும் எங்கள் வீட்டு வாசலருகே, செருப்பு அலமாரியின் மேல்தட்டில் அவர் வைத்த டப்பாவை நம்பி, ஞாயிறு மதியம் ஆனால் ஒரு கூட்டமே ஆகாயத்தில் இருக்கும்.

டப்பா என்று நாங்கள் சொன்னது ஒரு சின்னக் கம்ப்யூட்டரை. சாப்பாட்டு டப்பா அளவுதான். திரை கிடையாது, ஒரு பச்சை விளக்கு மட்டும். அவரவர் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டுமே, அந்தப் பேச்சு வந்து போகும் இடம் அது. வாய்ஸ் சர்வர் என்பார்கள். எங்கோ இருக்கும் ஒரு பல் டாக்டர், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒரு பெண், சிமெண்ட் கம்பெனி மேனேஜர் ஒருவர், இன்னும் யார் யாரோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு எங்கள் செருப்புகளுக்கு மேலே வந்து பேசிவிட்டுப் போவார்கள். விளையாட்டு என்று சொன்னால் அவர்களுக்குப் பொல்லாத கோபம் வரும்.

இவருடைய பழைய கம்ப்யூட்டரில் விமானம் ஓடாது, திணறும். ராடார் படம் மட்டும் ஓடியது. அதனால் இவர் டவர் ஆனார். யார் இறங்கலாம், யார் வட்டமடித்துக் காத்திருக்க வேண்டும், யார் எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்று சொல்கிறவர். அந்த வேலை இவருக்குப் புதிதல்ல. லிஃப்ட் பாதியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் சுவரில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் வழியாகப் பேசுவது இவர்தான். "பயப்படாதீங்க, நான் கீழதான் நிக்கறேன். கதவைத் தள்ளக் கூடாது. இப்ப நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க." திருப்பிச் சொல்லும்போதே பாதிப் பயம் இறங்கிவிடும் என்பார்.

டவரிலும் அதே சட்டம். வீட்டிலும் அதே சட்டம்.

"போறப்ப மாடி ஜன்னலைச் சாத்திட்டுப் போ."

"சரி."

"சரின்னா?"

"மாடி ஜன்னலைச் சாத்திட்டுப் போறேன் சாமி!"

"நன்றி. கிளம்பலாம்."

இன்னொரு சட்டமும் உண்டு. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். எழுத்தில் ஐம்பதையும் எண்பதையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. வாயில் வரும்போதுதான் வம்பு. அம்பது, எம்பது. மட்டமான மைக்கில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பல் டாக்டர் இந்தக் கூட்டத்தில் சேர்ந்த புதிதில், இவர் "திசை எம்பது" என்றார். ஆகாயத்தில் திசைக்கும் எண்தான். டாக்டர் அம்பது என்று காதில் வாங்கி, "சரி" என்றார். திருப்பிச் சொல்லுங்கள் என்று இவர் கத்துவதற்குள் விமானத்தை நேராகக் கொண்டுபோய் ஒரு மலையில் சாத்திவிட்டார். அன்றிலிருந்து அவர் பெயர் மலை. அன்றிலிருந்து எங்கள் சர்வரில் அம்பதும் இல்லை, எம்பதும் இல்லை. அஞ்சு சைபர், எட்டு சைபர். ஒவ்வொரு எண்ணாகத்தான் சொல்ல வேண்டும்.

எங்களோடு இருக்கும் என் நாத்தனாருக்கு இதெல்லாம் வேடிக்கை. "ப்ளேனே இல்லாத வீட்டுல டவர். கல்யாணமே ஆகாதவன் தொட்டில் கட்டின மாதிரி," என்பாள். இவர் சிரித்துக்கொண்டே மைக்கை மூடிக்கொள்வார்.

வேலைக்குப் போன கட்டடத்தின் படிக்கட்டில் ஒரு நாள் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. லிஃப்டைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார் என்று அங்கிருந்த காவலாளி சொன்னார். அதை நான் இன்றும் எல்லாரிடமும் சொல்கிறேன்.

துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப் பேர் எனக்குப் புதுமுகம். அவர்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரியவில்லை. சுவரோரமாக ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். அப்போது குட்டையாக ஒருவர் வாசலில் வந்து, "செருப்பை இங்க விடலாங்களா?" என்று கேட்டார்.

கூடத்தின் மறுகோடியில் ஒரு பெண் சட்டென்று நிமிர்ந்தாள். "மலை?"

"யாரு... ஸ்கூல் பஸ்ஸா?"

"நீங்களா! குரலு ஆறடி இருக்குமே, ஆளு எங்க?"

அவ்வளவுதான். ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள், ஒவ்வொருவராக அடையாளம் கண்டுகொண்டார்கள். சாவு வீட்டில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கேட்டன. நாத்தனார் முதலில் முறைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணி, வெளிய போய்ப் பாருங்க. செருப்பு வைக்க இடமில்ல, படி வரைக்கும் கிடக்கு. எல்லாரும் அண்ணனுக்காகவா?"

"வேற யாருக்கு?" என்றேன். எனக்கு அப்படி நெஞ்சு நிமிர்ந்தது வேறெப்போதும் இல்லை.

"எனக்கு ஒருத்திக்கு அண்ணியா இருந்தீங்க. இப்ப இத்தனை பேரும் அண்ணி, அண்ணிங்கறாங்க," என்று முணுமுணுத்துக்கொண்டே போய் எல்லாருக்கும் தண்ணீர் எடுத்து வந்தாள்.

மேனேஜர்தான் பேச்சை எடுத்தார். "அண்ணி, உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை? வெளில ஒரு நல்ல சர்வருக்கு நாங்க பேசற ரூமை மாத்திடறேன்." நல்ல மனதோடுதான் சொன்னார். "டப்பா இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்," என்றேன். அதில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தூசி தட்டுவேன், விளக்கு எரிகிறதா என்று பார்ப்பேன். ஞாயிறு மதியம் அது விடாமல் மினுக்கும். அவர் வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது என்று அர்த்தம்.

பிறகு, அவர் நினைவாக எல்லாரும் சேர்ந்து ஒரு பயணம் போவதென்று முடிவு செய்தார்கள். ஒரே நிலையத்திலிருந்து கிளம்பி, ஒரே நிலையத்தில் வரிசையாக இறங்குவது. அதற்கு முந்தின நாள் பார்த்து எங்கள் மோடம் உயிரை விட்டது. இன்டர்நெட் ஆள் வந்து புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். டப்பாவில் விளக்கு எரிந்தது. ஆனால் ஞாயிறு விடிந்தும் ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை.

"மதியம் கிளம்பறதுக்குள்ள சரியாயிட்டா நல்லது அண்ணி," என்றார் மேனேஜர் போனில். "இல்லன்னா வெளி சர்வருக்குத்தான் போகணும். ஒரு தடவை போயிட்டா யாரும் திரும்ப வர மாட்டாங்க. அதையும் இப்பவே சொல்லிடறேன்."

மலையைக் கூப்பிட்டேன். பழைய மோடத்தை மாட்டியபோது இவருக்குப் போனில் உதவி செய்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமையும் கிளினிக் திறக்கிறவர்.

"வாயை நல்லாத் திறங்க," என்றார்.

"நானா?"

"நீங்க இல்ல அண்ணி, இவரு. நீங்க சொல்லுங்க."

சொன்னேன். "மோடம்ங்கறது காம்பவுண்டு சுவர் மாதிரி," என்றார். "புதுசுல எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். நம்ம கதவைத் திறந்து, வர்றவங்களை டப்பாகிட்ட அனுப்பணும். டப்பாவுக்கு வீட்டுக்குள்ள ஒரு நம்பர் உண்டு." எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை அழுத்துவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நடுநடுவே பல்லைக் குடையும் கருவியின் இரைச்சல். கடைசியில் டப்பாவின் நம்பரைச் சொன்னார். "சரி," என்று அடித்தேன்.

கதவு திறக்கவில்லை. ஸ்கூல் பஸ் முயன்று பார்த்தாள். மேனேஜர் முயன்று பார்த்தார். "பரவால்ல அண்ணி, நான் மாத்திடறேன்," என்றார்.

செருப்பு அலமாரிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். "விடுங்க அண்ணி, உங்களால ஆனதைச் செஞ்சீங்க," என்றாள் நாத்தனார். "ஒவ்வொண்ணுக்கும் சரி, சரின்னு அவர் சொன்னபடிதான செஞ்சீங்க?"

சரி!

போனை எடுத்தேன். "மலை, நீங்க சொன்ன நம்பரை நான் திருப்பிச் சொல்லவே இல்ல. இப்ப சொல்றேன். எட்டு, சைபர்."

இரைச்சல் நின்றது.

"அண்ணி," என்றார் மெதுவாக. "அஞ்சு சைபர். நான்தான் அம்பதுன்னு சொல்லித் தொலைச்சிட்டேன்." பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நோயாளி வாயைத் திறந்தபடி கிடந்திருப்பார், பாவம். "என்னைக் கிண்டல் பண்ணத்தான் டவர் அந்த நம்பரையே வச்சாரு. 'நீ மலைல மோதின திசை, இனிமே நீயும் மறக்க மாட்டே, நானும் மறக்க மாட்டேன்'னாரு. கடைசில நீங்களும் வந்து மோதிட்டீங்களே!"

எட்டை அழித்து அஞ்சை அடித்தேன். பச்சை விளக்கு ஒரு தரம் மினுக்கியது, அப்புறம் படபடவென்று. இவருடைய கம்ப்யூட்டர் திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. "என்ன, எறும்பு மாதிரி வர்றாங்க," என்றாள் நாத்தனார். மேனேஜர்தான் முதலில் பேசினார். "அண்ணி, நான் ஒண்ணையும் மாத்தப் போறதில்ல. டவர் வீட்டு டப்பா டவர் வீட்டுலயே இருக்கட்டும்."

அன்று டவர் வேலையை ஸ்கூல் பஸ் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். குழந்தைகளை ஏற்றி இறக்குகிற குரல், அதட்டலும் இருந்தது, அன்பும் இருந்தது. நான் இவருடைய நாற்காலியில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். வரிசையாக எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக மலை.

"மலை, திசை எட்டு சைபர், திரும்புங்க," என்றாள் ஸ்கூல் பஸ்.

"சரி," என்றார் மலை.

மறந்து சொன்னாரா, வேண்டுமென்றே சொன்னாரா, எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் எப்போதும் வரும் ஒரு சொல்லுக்காக ஸ்கூல் பஸ் உட்பட அத்தனை பேரும் காத்திருந்தார்கள்.

பேசும் பொத்தானை அழுத்தினேன்.

"சரின்னா?"

மலையின் ஆறடிக் குரலில் ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாகத் தெளிவாக வந்தது. "எட்டு, சைபர். திரும்பறேன், டவர்."

"நன்றி," என்றேன். "இறங்கலாம்."