விழாத ஏழாம் நம்பர்

"ரெண்டு பேர்ல நான் ரெண்டாவதா?" என்று கேட்டாள் பல்லக்கா.

"ரெண்டு பேர் இல்லைங்க. வந்தது நீங்க ஒருத்தர்தான்," என்றார், முடிவுத்தாளைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த போட்டி அலுவலர்.

"அப்போ ஒருத்தர்ல ரெண்டாவதா?"

"அப்படியும் சொல்லலாம்."

ஸ்கேட் காலணி வாடகைக்குக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர் அது. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கான தொடக்க நிலை ஐஸ் நடனப் போட்டிக்குத் தாளில் இரண்டே வரி. முதல் பரிசு ஏழாம் நம்பர், 0.00. இரண்டாம் பரிசு எட்டாம் நம்பர், மைனஸ் 2.00. எட்டாம் நம்பர் பல்லக்கா.

"வராதவங்களுக்கு எப்படி சார் மார்க்கு?"

"மார்க்கு எங்க குடுத்தோம்? பூஜ்யம்தானே போட்டிருக்கோம்."

"எனக்கு அதுகூடப் போடலையே!"

"உங்களுக்கும் அதிலதாங்க ஆரம்பிச்சோம். சுழற்சி மூணு சுத்து வரணும், நீங்க ரெண்டே முக்கால்ல நிறுத்திட்டீங்க, அதுக்குப் பூஜ்யம். தாவினது ரெண்டு கால்லயும் இறங்கினீங்க, அதுக்கும் பூஜ்யம். விழுந்தது ரெண்டு தடவை. தடவைக்கு ஒண்ணு கழிக்கணும். ஏழாம் நம்பர் விழலை."

"வந்தாத்தானே விழறதுக்கு! வராதவங்க பேரை எடுத்துட வேண்டியதுதானே?"

"எடுக்கணும்னா, 'நான் வரலை'ன்னு அவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அவங்க வரலையே."

பல்லக்கா தாளை இன்னொரு தடவை படித்தாள். இருபத்தாறு வருஷமாகப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். பதினாறு வகை வெள்ளையில் பதினாறு மாதிரிப் பற்கள் கோத்த பட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, இது அதைவிட ஒரு படி மஞ்சள், அது இதைவிட அரைப் படி சாம்பல் என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, எதைப் பார்த்தாலும் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கும் கண்ணாகிவிட்டது. ஐம்பது வயதில் முட்டிக்கு நல்லது என்று ஐஸ் தளத்தில் இறங்கிய முதல் நாளே, ஒன்பது வயசுக்காரி ஒருத்தி ஒற்றைக் காலில் பின்னோக்கிப் போனதைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் இதுவரை கண்ணுக்குத் தெரிந்த ஆட்களோடுதான் தன்னை வைத்துப் பார்த்திருக்கிறாள். வராதவளிடம் தோற்றது இதுதான் முதல் தடவை.

வீட்டில் அவள் கணவர் நாளிதழின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

"இதோ பாரும்மா, பூஜ்யம் இங்க. நீ இங்க இருக்கே. இடது பக்கம் போகப் போகக் குறைவு. கணக்குப்படி அவங்க செஞ்சது சரி."

"ஏங்க, ஒன்றரை நிமிஷப் பாட்டு முழுக்க ஆடினேங்க!"

"அதான் வினையே. அரை நிமிஷத்தோட நிறுத்தியிருந்தா ஒரு தடவைதான் விழுந்திருப்பே."

மாடியில் குடியிருந்த நாத்தனார் பேச்சுச் சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். வாத்தியாருக்கு அக்கா. அடுத்த வீட்டில் குக்கர் விசில் விட்டால்கூட என்ன ஏது என்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

"யாரும்மா அந்த ஏழாம் நம்பர்?"

"யாருக்குத் தெரியும் அண்ணி? வரவே இல்லை."

"பார்த்தியா! முதல் பரிசு வாங்கியும் வெளியே தலைகாட்டலை. என்ன அடக்கம்! நீ ரெண்டாவது வந்துட்டு இந்தக் கூப்பாடு போடறே."

அன்று முதல் அந்த வீட்டில் ஏழாம் நம்பர் ஓர் ஆளாகிவிட்டாள். பல்லக்கா டம்ளரைக் கீழே போட்டால், "ஏழாம் நம்பர் கையிலேர்ந்து எதுவும் நழுவாது" என்றாள் நாத்தனார். மாடிப்படியில் மூச்சு வாங்கினால், "அவளுக்கு மூச்சு வாங்கினதா ஒருத்தரும் பார்த்ததில்லை" என்றாள். அதை எப்படி மறுப்பது?

ஐஸ் தளத்திலும் நிம்மதி இல்லை. பயிற்சியாளர் நல்ல மனிதர், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவர்.

"மாஸ்டர், என்னைவிட அவங்க எதில ஒசத்தி? உள்ளதைச் சொல்லுங்க."

"குறைன்னு சொல்ல ஒண்ணும் இல்லைக்கா. முதுகு வளையலை, கை தொங்கலை. தப்பான பிளேடு விளிம்புல ஒரு தடவைகூட இறங்கலை."

"அவங்களை எப்படித்தான் ஜெயிக்கறது?"

"விழாம ஒரே ஒரு சுழற்சி. உங்களுக்குக் கால் சுத்துதான் குறையுது. அந்தக் கால் சுத்து வந்துட்டா 0.90. அவங்க எட்டிப் பிடிக்க முடியாது."

அந்தக் கால் சுற்றுக்காக ஒரு வருஷம் உழைத்தாள் பல்லக்கா. பல் கூடத்தில் பிளாஸ்டர் காயும் நேரத்தில் உருளும் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றினாள். பேருந்து நிறுத்தத்தில் சுற்றினாள். ஓட்டுநர் அவள் ஏறப்போகிறாளா இல்லையா என்று புரியாமல் இரண்டு தடவை விட்டுவிட்டே போனார். மதிய இடைவேளையில் மிச்ச மெழுகில் ஏழாம் நம்பரின் பல் வரிசையைச் செதுக்கினாள். ஒன்றோடொன்று இடிக்காத, சிரிக்கும்போது ஈறு தெரியாத வரிசை.

"இது எந்த நோயாளிக்கு?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"நோயாளி இல்லை டாக்டர். எதிராளி."

டாக்டர் அதை வைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

மறுவருஷப் போட்டியன்று காலை, உடை மாற்றும் அறை பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இரண்டு ஸ்கேட்டையும் கால் மாற்றிப் போட்டிருந்தாள். முதுகில் ஏழு.

பல்லக்கா நேரே போய் அவள் எதிரில் நின்றாள். முதலில் பல்லைத்தான் பார்த்தாள். முன்பல் இரண்டும் மூன்றாம் படி மஞ்சள், கீழ்வரிசையில் ஓர் ஓட்டை.

"நீங்களா ஏழாம் நம்பர்?"

"ஆமா. நீங்க எட்டா? ஐயோ, நீங்கதானா!" அந்தப் பெண் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தாள். "போன வருஷம் நீங்க ஐஸ்ல இறங்கினீங்களாமே! விழுந்துட்டு எழுந்திருச்சீங்களாமே! ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை! அதைக் கேட்டதிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலைங்க. இப்படிப்பட்ட ஆளோட நான் எப்படி ஆடுவேன்?"

"நீங்கதானே ஜெயிச்சீங்க!"

"அதை ஏன் கேக்கறீங்க? நான் லாண்டரியில இஸ்திரி போடறவ. நின்னு நின்னு முட்டி வீங்கிப்போச்சு. 'ஐஸ் வைம்மா'ன்னார் டாக்டர். வர்ற வழியில இங்க வாசல்ல ஒரு தாள் ஒட்டியிருந்துச்சு, 'ஐஸ், ஐம்பது வயதுக்கு மேல், பெண்கள்'னு. பரவாயில்லையே, நமக்குன்னே வெச்சிருக்காங்கன்னு பேரைக் குடுத்தேன். அப்புறம் மறந்தே போச்சு. ஒரு நாள் பார்சல்ல கோப்பை வருது! மாப்பிள்ளை அதைக் கண்ணாடி அலமாரியில வெச்சு, தெரு முழுக்கக் கூட்டிட்டு வந்து காட்டிட்டார். இப்ப பாருங்க, அங்க உட்கார்ந்திருக்கார், பதினோரு பேரோட. நான் ஆடித்தானே ஆகணும்?"

"எத்தனை நாள் பழகினீங்க?"

"என்னத்தைப் பழகறது?"

பல்லக்கா குனிந்து ஏழாம் நம்பரின் ஸ்கேட்டைச் சரியான காலுக்கு மாற்றிப் போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டினாள். கட்டும்போதே, இந்தக் கணுக்கால் என்னுடையதைவிட மெலிசு என்று கண் அளந்துவிட்டது.

முதலில் ஏழைக் கூப்பிட்டார்கள். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இரண்டடி போனாள். மாப்பிள்ளை கூட்டம் விசிலடித்தது. அந்தச் சத்தத்துக்குக் கை காட்டுவதற்காகச் சுவரை விட்டாள். விட்டவள் தள்ளுவண்டி மாதிரி நேராகத் தளத்தின் நடுவரைக்கும் வழுக்கிப் போய், அங்கே பொத்தென்று உட்கார்ந்தாள். பாட்டு முடியும்வரை உட்கார்ந்தே இருந்தாள். நடுவில் ஒரு இடத்தில் தாளத்துக்குக் கை தட்டினாள்.

மைனஸ் 1.00.

தூக்கிவிட இரண்டு அலுவலர்கள் சாதாரணச் செருப்போடு இறங்கினார்கள். ஒருவர் தளத்தின் வாசலிலேயே விழுந்தார். இன்னொருவர் அவரைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"எட்டாம் நம்பர் ஆரம்பிக்கலாம்," என்றது ஒலிபெருக்கி. "அவங்க அங்கயே இருக்கட்டும். சுத்திப் போங்க."

பல்லக்கா வாசலில் நின்றாள். மேலே இருக்கை வரிசையிலிருந்து நாத்தனாரின் குரல் பாய்ந்து வந்தது.

"இறங்காதேம்மா! அங்கயே நில்லு! அவ மைனஸ், நீ நின்னாலே பூஜ்யம்! ஜெயிச்சாச்சு!"

"கணக்குப்படி அக்கா சொல்றது சரிதான்!" என்றார் வாத்தியார், எழுந்து நின்று.

உண்மைதான். ஒரு வருஷமாகக் கேட்டது இந்த ஜெயத்தைத்தான். காலைக்கூட அசைக்க வேண்டாம். ஆனால் சும்மா இருந்து ஜெயிப்பது போன வருஷம் ஏழாம் நம்பர் ஆடிக்காட்டிய ஆட்டம். அதையே இவளும் ஆடினால், ஏழைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள் என்றல்லவா ஆகும்? நாத்தனார் அதையும் விடமாட்டாள். அது போகட்டும், நாற்காலியிலும் பேருந்து நிறுத்தத்திலும் சுற்றிச் சுற்றிச் சேர்த்த அந்தக் கால் சுற்றை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இறங்கிவிட்டாள்.

"வந்துட்டீங்களா!" என்றாள் ஏழாம் நம்பர், உட்கார்ந்த இடத்திலிருந்து. "எனக்குப் பின்னால போறீங்களே, தெரியலை. முன்னால வாங்க."

"பேசாதீங்க, மார்க்கு குறைப்பாங்க."

"எனக்கு இனிமே என்ன குறைக்க?"

பல்லக்கா அவளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். தாவும் இடம் வந்தபோது தாவவில்லை, ஏழின் மேலேயே விழுந்துவிடுவோம் என்ற பயம். பிறகு மூச்சை இழுத்து, கைகளைச் சேர்த்து, சுற்ற ஆரம்பித்தாள்.

"ஒண்ணு!" என்று கத்தினாள் ஏழாம் நம்பர். மாப்பிள்ளை கூட்டமும் சேர்ந்துகொண்டது. "ரெண்டு!" பல்லக்காவின் கண்ணில் வெளிச்சமும் ஆட்களும் கலந்து ஓடின. இரண்டே கால், இரண்டரை, இரண்டே முக்கால். வழக்கமாகக் கால் நிற்கும் இடம். நிற்கவில்லை.

"மூணு!"

அவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை, தேவைப்பட்டதில்லை. மூன்றே காலில் ஏழாம் நம்பருக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"சுழற்சி 0.90. விழுந்ததுக்கு ஒண்ணு கழிவு. எட்டாம் நம்பர் மைனஸ் 0.10. முதல் பரிசு," என்றது ஒலிபெருக்கி.

"வெளியே நின்னிருந்தா பூஜ்யத்தோட ஜெயிச்சிருப்பா! இப்ப மைனஸோட ஜெயிச்சிருக்கா! சொன்னா கேக்கறாளா?" என்று நாத்தனார் முன்வரிசைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னா சுத்து சுத்தினீங்க!" என்றாள் ஏழாம் நம்பர். கண் கலங்கியிருந்தது. "சரி, இப்ப எப்படி எழுந்திரிக்கறது?"

"முதல்ல முட்டி போடணும். இடது முட்டி."

"முட்டி போட்டா உயிர் போகுதுங்க."

"ஐஸ்ல வெச்சா நல்லதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? வைங்க."

வைத்தாள். முகம் மலர்ந்தது. "ஆமாங்க, சுகமாத்தான் இருக்கு! நான் இப்படியே போறேன்."

வாசலில் ஐஸைச் சமப்படுத்தும் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். ஏழாம் நம்பர் கையையும் முட்டியையும் ஊன்றி வாசலை நோக்கித் தவழ ஆரம்பித்தாள். எழுந்து நின்று சறுக்கிப் போக முடிந்த பல்லக்காவும், அவளைத் தனியாக விட மனசில்லாமல், பக்கத்திலேயே தவழ்ந்தாள். பாதி தூரம் போனதும் ஓரக்கண்ணால் பார்த்தாள். ஏழாம் நம்பரின் கை தன் கையைவிட ஒரு சாண் முன்னால் இருந்தது.

பல்லக்கா வேகத்தைக் கூட்டினாள்.