துண்டுகள் வெளியே தொங்கின

1

இந்தக் கதை ட்ராம் ஜன்னலில் பிறந்தது. போன வாரம் தம்பெரே நகரில் எங்கள் பழைய அலுவலகத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் மாடியில் சுவர் போய், எங்கள் நீராவிக் குளியல் அறையான சௌனாவின் மரப்பலகைகள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. கட்டடத்துக்கெல்லாமா அழுவாய் ஐலா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

முதல் வரி: "அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது..." வேண்டாம், இங்கே அது பாதி வருடம் கொட்டும்.

இன்னொன்று: "பன்முகத்தன்மையே எங்கள் நிறுவனத்தின்..." ஐயோ, இது சுவரொட்டி வாசகம்.

2

அந்தச் சுவரொட்டியில் சிரித்தவள் ஹோதன். சோமாலியாவில் பிறந்து இங்கே வளர்ந்த பொறியாளர், என் பக்கத்து மேசைக்காரி. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக்காட்டும் செயலி ஒன்றை இரண்டு குளிர்காலமாக உருவாக்கினாள். அது பிழைக்குமா என்பது மேலாளர் ரெய்யோவின் கையில்.

வியாழன் மாலை சௌனா. முதலில் ஆண்கள், பிறகு பெண்கள் நாங்கள். (மற்ற நேரம் வாயில் கொழுக்கட்டை. சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் அம்மணமாக உட்கார்ந்தால்தான் எங்கள் ஆண்களுக்கு நாக்கு அவிழும்.) அங்கே முடிவானதைத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அறிவிப்பார்கள். எங்கள் முறை வரும்போது சூடு மட்டும் மிச்சமிருக்கும்.

3

அந்த வியாழன் ஹோதன் ஏழாம் மாடி ஏறினாள். சௌனாவின் கதவைத் தட்டினாள்.

"யாரு? ஹோதனா? இது ஆம்பளைங்க நேரம்!"

"தெரியும் ரெய்யோ. நான் உள்ள வரல. இங்க உங்க துண்டுங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்."

உள்ளே சூடான கல்லில் தண்ணீர் சீறியது.

"என் செயலிய என்ன பண்ணப் போறீங்க?"

"திங்கக்கிழமை பேசலாமே."

"திங்கக்கிழமை முடிவத்தான சொல்லுவ? பேச்செல்லாம் இங்கதான நடக்குது. மெதுவா சொல்லு, எனக்கு அவசரமில்ல."

"ஏதாவது சொல்லித் தொலைய்யா," என்றது இன்னொரு குரல். "வெந்துட்டேன்!"

[இங்கே ரெய்யோவை வில்லனாக்கி ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். ஹோதனின் அப்பா இறந்தபோது அவளை விமான நிலையம்வரை காரில் கொண்டுபோய் விட்டவன் அவன். நல்லவன். கதவுக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை, அவ்வளவுதான்.]

4

இதுவரை எழுதியதை ஹோதனுக்குத் தொலைபேசியில் வாசித்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நல்லாத்தான்டி இருக்கு. ஆனா நான் மாடி ஏறவே இல்லையே."

"தெரியும்."

"கீழ பஸ்ஸுக்கு நின்னோம். மேல ஏழாம் மாடி சௌனாலேருந்து ஆவி வந்துது. அதையே பாத்துட்டு நின்னோம்."

திங்கட்கிழமை செயலி கைவிடப்பட்டது. வசந்தத்தில் அவள் வேலையை விட்டாள். சுவரொட்டியில் மட்டும் இன்னும் சில வருடங்கள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இருந்தாலும் அந்த இடம் ஞாபகம் வருது ஐலா," என்றாள். "உன் இலவங்கப்பட்டை ரொட்டி, அந்த மட்டமான காபி. அதான் கோபமா வருது."

எனக்கும்தான்.

"அப்போ நிஜத்த எழுதிடவா?"

"வேணாம். கதைல அவ உக்காந்தே இருக்கட்டும். ஆனா அவளுக்கு யாராவது பதில் சொல்லணும்."

5

ரெய்யோவின் பதிலைப் பலமுறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவன் "திங்கட்கிழமை..." என்றே தொடங்குகிறான்.

ஆகவே, வாசகரே, உங்களையும் உள்ளே உட்காரவைத்துவிட்டேன். மேல் பலகையில், ரெய்யோவுக்குப் பக்கத்தில். உங்கள் துண்டும் வெளியேதான் தொங்குகிறது. அவள் கேள்வியைக் கேட்டுவிட்டாள்.