நாலு புள்ளி இரண்டு

ஸ்கேன் டாக்டருக்கு அந்தப் பிரிவில் போலீஸம்மா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் அவர் காதுக்கு எட்டாமல் அங்கே எது நடந்திருக்கிறது? வீட்டுக்காரர் சாப்பிட்டாச்சு என்றால்கூடப் போய்த் தட்டைப் பார்த்துவிட்டு வருகிற மனுஷி. நம்பிக் கெட்டவர்கள் ஆயிரம் பேர், சந்தேகப்பட்டுக் கெட்டவர் யார் என்பார். கேட்டுக் கேட்டு நர்ஸுக்குக் காது புளித்துவிட்டது.

அன்று காலை அவருடைய சந்தேகம் ஓர் எண்ணின் மேல் விழுந்தது. வேலையை விட்டு ஓய்ந்த லாரி டிரைவர் ஒருவர் தம்பியோடு ஸ்கேனுக்கு வந்திருந்தார். கல்லீரலில் கட்டி. கத்தி வைப்பதற்கு முன்னால் அது எந்த ரத்தக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு நரம்பில் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிப் படம் எடுக்க வேண்டும். ஏற்றிய மருந்தை வெளியே தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை. அது தளர்ந்திருந்தால் மருந்தைக் குறைக்க வேண்டும். ரொம்பவும் தளர்ந்திருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. சிறுநீரகம் தளரத் தளர ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் போன மாதம் டிரைவருக்கு ஒன்றரை இருந்தது. கொஞ்சம் கூடுதல்தான். மருந்தைக் குறைத்து, முன்னும் பின்னும் சலைன் ஏற்றிச் சமாளித்துவிடலாம் என்று டாக்டர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். நேற்று கொடுத்த ரத்தத்திலோ நாலு புள்ளி இரண்டு.

ஒரே மாதத்தில் அவ்வளவு கெட்டிருந்தால் உடம்பு எங்காவது காட்டிக் கொடுத்திருக்க வேண்டாமா? டாக்டர் அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தார், குழி விழவில்லை. மூச்சு வாங்கவில்லை. சிறுநீர் எப்போதும்போலப் போகிறதாம். டாக்டர் முதலில் லேபைச் சந்தேகப்பட்டார். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்பினோம் என்று அங்கிருந்தவர் கோபித்துக்கொண்டு போனை வைத்தார். அடுத்து டிரைவரையே சந்தேகப்பட்டார். கிட்னியைக் கெடுக்கிற வலி மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்குகிறாரோ?

கேள்வி அண்ணனுக்கு, பதில் தம்பியிடமிருந்து வந்தது. வந்ததிலிருந்தே அப்படித்தான்.

"அண்ணன் அதெல்லாம் தொடவே மாட்டார் டாக்டர். நான்தான் போடுவேன். டைல்ஸ் ஒட்டுற வேலை, நாள் பூரா முட்டி போட்டே உக்காரணும். ராத்திரி ரெண்டு மாத்திரை போட்டாத்தான் காலையில எந்திரிக்க முடியும்."

டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தம்பியின் முட்டியா இங்கே விசாரணையில் இருக்கிறது? இன்றைக்கு மருந்து ஏற்ற முடியாது, கிட்னி டாக்டரைப் பாருங்கள், ஆபரேஷன் தள்ளித்தான் போகும் என்று சொல்லிவிட்டார். அண்ணன் விதியே என்று தலையாட்டினார். தம்பிக்குத்தான் முகம் வெளுத்தது. அந்த எண் தப்பு, அண்ணனுக்கு அவ்வளவு இருக்கவே இருக்காது என்று அடித்துச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, தெரியும் என்றார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன். போலீஸம்மாவுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

நேற்று எந்தக் கையில் ரத்தம் எடுத்தார்கள் என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் தம்பியைப் பார்த்தார். இரண்டு கையிலும் ஊசி குத்திய தடம் இல்லை. டாக்டர் மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினார். அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரைக்கும் பொத்தான்.

"கையை மடிச்சு விடுங்க."

முழங்கை மடிப்பில், ஓரமெல்லாம் அழுக்கேறிய பிளாஸ்திரிக்குக் கீழே பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்துப் போடவும் தோன்றவில்லை அந்தப் புத்திசாலிக்கு.

பிறகு எல்லாம் கொட்டிவிட்டது. மருந்தைக் குறைப்போம் என்று போன மாதம் டாக்டர் சொன்னதைத் தம்பி வாசலில் நின்று கேட்டிருக்கிறார். மருந்து குறைந்தால் படம் பாதிதான் தெரியும், பாதிப் படத்தை வைத்துக்கொண்டு சர்ஜன் கண்டபடி வெட்டிவிடுவார் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். போன மாசம் எடுத்த ரத்தமே மீதி இருக்காம் என்று சொல்லி அண்ணனை ஆட்டோவிலேயே உட்கார வைத்துவிட்டு, மாடியேறி லேபுக்குப் போய் அண்ணன் பெயரைச் சொல்லித் தன் கையை நீட்டியிருக்கிறார். அண்ணனும் அதை நம்பியிருக்கிறார்.

"என் ரத்தம் சுத்தமா இருக்கும்னு நெனச்சேன் டாக்டர். எனக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்ல."

டாக்டருக்குச் சுர்ரென்று ஏறியது. "படம் கொஞ்சம் மங்கினா நான் பாத்துக்குவேன். உங்க ரத்தத்தை நம்பி முழு மருந்து ஏத்தியிருந்தா உங்க அண்ணன் கிட்னி என்ன ஆகியிருக்கும்?"

திட்டிக்கொண்டிருந்தாலும் உள்ளுக்குள் அவருக்கு ஒரு குளிர்ச்சி. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. வாங்கிக் கட்டிக்கொண்ட தம்பியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அப்போ அந்த நாலு அண்ணனோடது இல்லல்ல? இன்னைக்கே எடுத்துடலாம்ல?"

ஆமாம் என்று வாயைத் திறந்த டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். முட்டி. ராத்திரி ரெண்டு மாத்திரை. சற்று முன் காதில் போட்டுக்கொள்ளாத பேச்சு இப்போது வரிசையாக வந்து நின்றது. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதை. தன் சந்தேகம் பொய்யாகப் போக வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஆசைப்பட்டார். லேபோ இரண்டு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறது. இரண்டு பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லி நர்ஸிடம் சொன்னபோது அவர் குரல் அவருக்கே வேறாகக் கேட்டது.

"எனக்கு எதுக்கு டாக்டர்?" தம்பி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "நான் நேத்துதானே கொடுத்தேன்."

அதுவரை வாயே திறக்காத அண்ணன் படுக்கையிலிருந்து எழுந்து வந்து தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நேத்து கொடுத்ததுதாண்டா அந்த நாலு."

தம்பி சிரிப்பை நிறுத்த மறந்து, தன் கையிலிருந்த பஞ்சைக் குனிந்து பார்த்தார்.