கழுத்துக்குள் போகும் கம்பி

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி முதல் வாரம், தலைமன்னார்ப் பக்க ஆமி முகாமொன்றின் தகரக் கொட்டகையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசைக்கு அப்பால் அதிகாரி. அவருக்கு இடப்பக்கம், பதிவுக் கொப்பியோடு ஒரு சிப்பாய். வாசலோர வாங்கில் அமர்ந்திருந்தவர் தபால் கந்தோர் யோகராசா. அவருக்குச் சிங்களம் தெரியும்; அதிகாரி சொல்வதைத் தமிழில் சொல்ல வந்தவர். நடுவே, கால் ஆடுகிற கதிரையில் தோமஸ். கனடாவிலிருந்து தங்கை பிரான்சிஸ்கா அனுப்பிய, வீட்டில் ஒட்டிப் பொருத்தவேண்டிய கிற்றார்ப் பெட்டி மேசையில் பிரிந்து கிடந்தது.

மெல்லிய பலகைகள், வளைத்த விலாக்கள், ஆறு தந்திகள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அதிகாரி ஒரு இரும்புக் கம்பியைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னவாம்?" என்றார் யோகராசா.

"கிற்றார் கழுத்துக்குள்ள வைக்கிறது. தந்தி இழுக்கக் கழுத்து வளையாம இருக்க."

கம்பிக்குப் பதிவில் தனி வரி எழுதப்பட்டது. தோமஸின் அடையாள அட்டை அதிகாரியின் மேசை லாச்சிக்குள் போனது.

"மாசக் கடைசியில வாசிச்சுக் காட்டட்டாம். கம்பியையும் காட்டட்டாம். அப்பதான் அட்டை," என்றார் யோகராசா. பெட்டியோடு வெளியே வந்ததும் முணுமுணுத்தார்: "உனக்கு ஒரு புல்லாங்குழல் போதாதோடாப்பா?"

அட்டையில்லாமல் சந்தியிலிருந்த சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. தோமஸ் கணக்கெழுதும் சங்கக்கடை சந்திக்கு அப்பால் இருந்தது. வீட்டிலேயே இருந்து, உடுப்புக் கொடிக் கிளிப்புகளால் இறுக்கி இறுக்கிக் கிற்றாரின் உடம்பை ஒட்டி முடித்தான். நாய் குரைக்கும்போதெல்லாம் கை நின்றது.

மூன்றாம் வாரம் கழுத்து. வெட்டியிருந்த பள்ளத்துக்குள் கம்பி அளவாக இறங்கியது. மேலே ஒட்டவேண்டிய விரற்பலகையைக் கையில் எடுத்தவன், பசை தடவாமலே திரும்ப வைத்தான். இதை ஒட்டினால் கம்பி ஒருவர் கண்ணுக்கும் தெரியாது.

"ஒட்டாதேங்கோ," என்றாள் மனைவி லூசியா. "கம்பி எங்க எண்டு கேட்டா என்ன சொல்லுவியள்? இயக்கத்தில ஆருக்குக் குடுத்தனி எண்டு..."

"ஒட்டாட்டித் தந்தி பூட்ட ஏலாது."

"அப்ப கம்பி வைக்காம ஒட்டுங்கோ. அதைக் கையில கொண்டுபோய்க் காட்டலாம்."

தோமஸ் அதையும் யோசித்துப் பார்த்தான். "அதில்லாமலே கிற்றார் பாடுதே, அப்ப இது எதுக்கு எண்டு கேப்பார்."

பிறகு அவன் தாள் எடுத்து, திகதியிட்டு, எழுதினான்:

'ஐயா, வரும் வியாழன் காலை ஒன்பது மணிக்கு என் வீட்டில் மேற்படி கம்பியைக் கழுத்துக்குள் வைத்து மூடவுள்ளேன். தாங்கள் அனுப்பும் ஒருவர் அருகிலிருந்து பார்த்து, பதிவில் எழுதிக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

லூசியா நெஞ்சில் சிலுவை போட்டாள். "வலிய ஆமியை வீட்டுக்குக் கூப்பிடுறியளோ? விசரோ உங்களுக்கு?"

"கூப்பிடாட்டியும் வருவினம், லூசி. கூப்பிட்டா எத்தினை மணிக்கெண்டாவது தெரியும்."

பின்னேரம் வீட்டுக்கு வந்த யோகராசா அதன் அடியில் அதையே சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். தோமஸ் தாளை மடித்து உறையிலிட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டினான். ஓரம் பிடித்த பிறகும் பெருவிரலை எடுக்கவில்லை.

"தாவன்," என்றார் யோகராசா. உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்து, சைக்கிளை முகாம் பக்கம் திருப்பினார்.