இலவச வாரம்

கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே ஓரடி இடம்தான் இருந்தது. அதற்குள் இரண்டு பேர் விழ முடியும் என்று மாஸ்டர் நினைத்ததே இல்லை. விழுந்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது, சரிந்து இறங்கினார்கள். தினமும் காலையில் செய்வதுபோல மனைவியின் இடது கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டு, இடுப்பை இறுகப் பிடித்துத் தூக்கிப் பாதி திரும்பியிருந்தார். அந்த நேரம் பார்த்து முழங்கால் இரண்டும் சொல்லிவைத்ததுபோல மடங்கிவிட்டன. கட்டில் சட்டத்தில் முதுகு உரசிக்கொண்டே போய்த் தரையில் உட்கார்ந்தார். அவள் அவர் மடியில் இருந்தாள். பெரிதாக அடி ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் இருவரும் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மாஸ்டர், பிரேக் பிடிக்கலையா?" என்றாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. சொற்கள் வழுக்கிக்கொண்டுதான் வந்தன. ஆனால் குசும்பு மட்டும் எந்தப் பக்கமும் இழுத்துக்கொள்ளாமல் அப்படியே இருந்தது.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்ட, பக்கத்து இருக்கையில் தன் காலடியில் உள்ள தனி பிரேக்கின்மேல் பாதத்தை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். முப்பத்தாறு வருடமாக உட்காருவதுதான் அவருக்கு வேலை. வயிறு முன்னால் வந்ததும் கால்கள் சூம்பிப்போனதும் அந்த இருக்கையில்தான். அவள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். கல்யாணமான புதிதில் விளையாட்டுக்கு ஒருவரை ஒருவர் மாஸ்டர், டீச்சர் என்று கூப்பிடத் தொடங்கியது, அதுவே நிலைத்துவிட்டது. அவளுக்கு வலக்கையும் வலக்காலும் விழுந்துபோய் இரண்டு வருடம் ஆகப்போகிறது.

எழுந்திருக்க முடியாமல் அவர் சத்தம் போட்டதில் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் ஓடி வந்தான். ஏணியைத் தூக்குவதுபோல ஒரே மூச்சில் அவளைத் தூக்கி நாற்காலியில் வைத்தான். நல்ல மனுஷன், உடனே போய்விட்டான். அவன் தூக்கும்போது அவள் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்ததை மாஸ்டர் தரையிலிருந்து பார்த்தார். அவன் போன பிறகும் அவள் திறக்கவில்லை.

"இனிமே யாரையும் கூப்பிடாதீங்க," என்றாள். "பகல்ல வேலைக்கு வர்ற அக்கா துடைக்கட்டும், ஊட்டட்டும். தூக்குறது நீங்க மட்டும்தான்."

அன்று சாயங்காலம் மகளுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. டீச்சரும் கேட்க வேண்டும் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள். மகள் வெளியூரில் இருக்கிறாள், மருந்துக் கம்பெனியில் வேலை, இரண்டு சின்னக் குழந்தைகள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பா, நான் சொன்னா கோவிச்சுக்காதீங்க. இங்க எங்க ஏரியாவுல ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கு. நான் போய்ப் பாத்துட்டு வந்தேன், சுத்தமா வெச்சிருக்காங்க. தூக்குறதுக்கு மெஷினே இருக்கு. உங்களுக்கும் வயசாச்சுல்ல," என்றாள்.

"அதெல்லாம் வேண்டாம். நான் பாத்துக்கறேன்," என்றார் மாஸ்டர்.

"இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா நானே வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன். சொல்லிட்டேன்."

வேண்டாம் என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணம் இருந்தது. இல்லம் என்ற சொல் காதில் விழுந்ததும் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல உடம்பு லேசானது. ராத்திரி முழுக்கத் தூங்கலாம். முதுகில் தைலம் தேய்த்துக்கொள்ளாமல் எழுந்து வேலைக்குப் போகலாம். அதெல்லாம் ஒரு கணத்தில் வந்து போய்விட்டது. வந்ததை நினைத்து அவருக்கு அருவருப்பாக இருந்தது. அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடியவர்போல அன்று தூங்கும்வரை அவள் முகத்தைப் பார்க்காமல் வேலைகளைச் செய்தார்.

மறுநாள் கார் கற்றுக்கொள்ள வர வேண்டிய பெண் லைசென்ஸ் பரீட்சைக்குப் பயந்து நேரம் கழித்து வந்தாள். காத்திருந்த நேரத்தில் மாஸ்டர் போனில், ஆளைத் தூக்க உடம்பில் பலம் வருவது எப்படி என்று தேடினார். அவ்வளவுதான், அதன்பிறகு போன் அவரை விடவில்லை. எதைத் திறந்தாலும் கையில்லாத பனியன் போட்ட ஒரு பையன் வந்து சிரித்தான். வீட்டிலேயே உடற்பயிற்சி, ஜிம் வேண்டாம், கருவி வேண்டாம், ஒரு பாயும் மன உறுதியும் போதும் என்றான். படிப்படியாகப் பாடம் பாடமாக அமைத்த பயிற்சித் திட்டமாம். முதல் வாரம் இலவசம், பிடித்திருந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம். மாஸ்டருக்கு அந்தப் பையனைப் பிடிக்கவில்லை. ஆனால் அவன் சொல்லிக்கொடுத்த விதம் பிடித்திருந்தது. அவசரப்படவில்லை, முதலில் எப்படி நிற்பது என்றுதான் தொடங்கினான். இவரும் அப்படித்தான், முதல் நாள் வண்டியை ஸ்டார்ட் பண்ணவே விடமாட்டார்.

சேரும்போது, உங்கள் இலக்கைத் தேர்ந்தெடுங்கள் என்று போன் கேட்டது. எடை குறைக்க, தசை கூட்ட, தட்டையான வயிறு என்று மூன்று இருந்தன. அவருடையது அதில் இல்லை. சந்தேகம் கேட்கும் கட்டத்தில், எனக்கு அறுபது வயது ஆகப்போகிறது, நடக்க முடியாத மனைவியைத் தினமும் தூக்க வேண்டும், இந்தப் பயிற்சி எனக்கு ஒத்துவருமா என்று ஒரு விரலால் நெடுநேரம் தட்டி அனுப்பினார். அனுப்பிய கையோடு பதில் வந்தது: வாழ்த்துகள்! உங்கள் கனவு உடலை நோக்கி முதல் அடி எடுத்து வைத்துவிட்டீர்கள். மாஸ்டர் தசை கூட்ட என்பதை அமுக்கினார்.

அன்றிலிருந்து விடிந்ததும் கூடத்து நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பயிற்சி செய்தார். சுவரில் முதுகை ஒட்டி, இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல நிற்கச் சொன்னான் பையன். மாஸ்டருக்குத் தொடை நடுங்கியது. தண்ணீர் நிரப்பிய வாளியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்தார். மூச்சு வாங்கியது, கண்ணில் பூச்சி பறந்தது. அறைக்குள்ளிருந்து டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கதவு திறந்தேதான் இருந்தது.

"கிழவருக்கு இப்பதான் ஹீரோ ஆசை வந்திருக்கு," என்று பகலில் வரும் அக்காவிடம் சொன்னாளாம். அக்கா அதை அவரிடம் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

இலவச வாரம் முடிவதற்குள்ளேயே அவருக்கு வித்தியாசம் தெரிந்தது. தெரிந்தது என்று நம்புவதற்கே முதலில் பயமாக இருந்தது. ஒருநாள் காலை கழுத்தில் அவள் கையைப் போட்டு, பையன் சொன்னபடி கால்களை அகட்டி, முதுகை வளைக்காமல் தொடையில் பாரத்தை வாங்கித் தூக்கினார். அவள் எழுந்து வந்தாள். இழுபறி இல்லாமல், பல்லைக் கடிக்காமல் எழுந்து வந்தாள். நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள், வேலைக்குப் போகும் வழியெல்லாம் சின்னப்பிள்ளைபோல ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டு போனார். அன்று வண்டியைச் சுவரோரம் ஏற்றிவிட்ட மாணவனைக்கூடத் திட்டவில்லை.

வாரம் முடிந்ததும் திட்டம் பூட்டிக்கொண்டது. வாங்கினால்தான் அடுத்த பாடம். பாதி விலை, இன்று மட்டும் என்ற எழுத்துகளுக்குக் கீழே ஒரு கடிகாரம் குறைந்துகொண்டே வந்தது. அது பூஜ்யத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியதை அவர் கவனித்தார். ஏமாற்று வேலை என்று தெரிந்தது. இருந்தாலும் கையில் வந்த பலம் ஏமாற்று இல்லையே. மகளைக் கூப்பிட்டு, "அம்மாவை இப்போ சுளுவா தூக்கறேன்மா. நீ இல்லத்துப் பேச்சை விட்டுரு," என்றார். அவள் நம்பாமல், "பாத்துக்கோங்க," என்று மட்டும் சொன்னாள்.

"வாங்கப் போறேன்," என்றார் டீச்சரிடம்.

"எதுக்கு வீணா? இதுவரைக்கும் சொல்லிக்கொடுத்ததையே செஞ்சா போதாதா?"

"அவன் படிப்படியா கூட்டிட்டுப் போறான். நீயே பாக்குறல்ல, எவ்வளவு வித்தியாசம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சம்பளம் வந்ததும் வாங்கலாம் என்றிருந்தபோது, இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் முறை வந்தது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நர்ஸ் டீச்சரை நாற்காலியோடு தராசு மேடையில் ஏற்றி எடை பார்ப்பாள், பிறகு நாற்காலியின் எடையைக் கழித்துக்கொள்வாள். அன்று கழித்துப் பார்த்தவள், நாற்காலியை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். திரும்பவும் கழித்தாள்.

"வீட்ல சரியா சாப்பிடுறாங்களா சார்?" என்றாள். "போன தடவைக்கு இப்போ ரொம்பவே குறைஞ்சிருக்காங்களே."

மாஸ்டர் தராசைப் பார்த்தார். அதிலிருந்த எண்ணை அல்ல, அதன்மேல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். தினமும் பார்க்கிற முகம். ஆனால் கழுத்தெலும்பு அப்படித் துருத்திக்கொண்டிருந்ததும், இடக்கையிலிருந்த வளையல் முழங்கை வரை ஏறிக் கிடந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டன. காலையில் அவளை எடுத்தபோது தன் தொடைகளைத்தான் அவர் கவனித்துக்கொண்டிருந்தார். டீச்சர் சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் முறையைப் படிப்பதுபோல அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஏதேதோ பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு, சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் போய் நின்றார். அவர் நின்ற விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. குழாயை மூடினாள்.

"நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன் சார். மத்தியானம் ரெண்டு வாய்க்கு மேல வாயத் திறக்க மாட்டேங்குறாங்க. மிச்சத்தை நீ சாப்பிடு, இல்லன்னா கொட்டுன்னுவாங்க. சார்கிட்ட சொன்னா நாளையிலிருந்து வராதேன்னாங்க." அவள் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "ராத்திரி நீங்க ஊட்டுறது மட்டும்தான் உள்ள போகுது. அதுலயும் பாதி வாயோரம் வழியுதுன்னு நீங்க துடைப்பீங்களாம்ல, அது வழியுறது இல்ல சார், துப்புறதுன்னு அவங்களே சொன்னாங்க."

அக்கா போன பிறகும் மாஸ்டர் சமையலறையிலேயே இருந்தார். வேலைக்குப் போகவில்லை, போன் செய்து சொல்லவும் இல்லை. சாயங்காலம் அவளைச் சக்கர நாற்காலிக்கு மாற்றினார். இப்போது அந்த லேசு கையைச் சுட்டது. சாப்பாட்டை மசித்துத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்து கட்டில் விளிம்பில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"எப்பலேர்ந்து?" என்றார்.

அவள் தெரியாததுபோல நடிக்கவில்லை. "மககிட்ட போன்ல பேசின அன்னிலேர்ந்து."

"ஏன் டீச்சர்?"

"ஒண்ணு நீங்க பலமாகணும், இல்ல நான் குறையணும். ரெண்டுல எது சீக்கிரம் நடக்கும்? இதுக்கு நோட்டும் பேனாவும் வேணுமா?"

"விளையாடாத."

"விளையாடல." நல்ல கையால் மடியிலிருந்த போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அடுத்ததைச் சொல்ல அவளுக்கு நேரம் பிடித்தது, வாய் ஒத்துழைக்காததால் மட்டும் அல்ல. "அவ இல்லம்னு சொன்னப்போ நான் போனைப் பாக்கல. உங்க மூஞ்சியப் பாத்தேன்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ இல்லைகளை அவளிடம் சொல்லியிருக்கிறார், அவளும் நம்பியதுபோல விட்டிருக்கிறாள்.

"ஒரு நிமிஷம்தான்," என்றார்.

"தெரியும். அதுக்கு மேல இருந்திருந்தா நானே போறேன்னு சொல்லியிருப்பேன்."

கட்டிலில் கிடந்த போன் வெளிச்சமாகி ஒரு முறை அதிர்ந்தது. இன்னும் யோசிக்கிறீர்களா என்று பனியன் பையன் கேட்டிருந்தான். மாஸ்டர் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். வாங்குகிறேன், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், எனக்குப் பலம் வந்துவிடும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஆனால் இத்தனை நாளாகத் தன் கையில் இருந்தது என்ன பலம் என்று அவருக்கு இப்போது தெரியும்.

ஒரு வாய் எடுத்து நீட்டினார். அவள் உதட்டைத் திறக்கவில்லை.

"சாப்பிட்டா கனப்பேன்," என்றாள்.

"கனத்துக்கோ."

"அப்புறம் விழுந்தா?"

"தெரியல," என்றார் அவர்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வகுப்பில் முதல் முறையாகப் பொய் சொல்லாத பையனைப் பார்ப்பதுபோல இருந்தது அது. பிறகு வாயைத் திறந்தாள். இடது பக்கமாக ஒதுக்கி மெதுவாக மென்றாள். விழுங்குவதற்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் அடுத்த வாயைத் தயாராக வைத்துக்கொண்டு, அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முறைகூடத் துப்பவில்லை. பாதியில் அழுதாள், அழுதுகொண்டே தின்றாள். வாயோரத்தை அவர் துடைத்துவிட்டார்.

தட்டு காலியானபோது வெளியே வெளிச்சம் போய்விட்டிருந்தது. தெருவில் யாரோ ஷட்டரை இழுத்து இறக்கும் சத்தம் கேட்டது. இனி அவளைத் தூக்கிக் கட்டிலில் விட வேண்டும். தட்டைத் தரையில் வைத்துவிட்டு மாஸ்டர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவளும் அவசரப்படுத்தவில்லை. அவருடைய முழங்காலும் அவளுடைய முழங்காலும் ஒட்டியிருந்தன. அறை கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வந்தது, அவள் முகம் போய், கை போய், கடைசியில் மூச்சு மட்டும் கேட்டது. விளக்கு சுவிட்ச் கதவுப் பக்கம் இருந்தது. இருவரில் ஒருவர்தான் எழுந்து போய் அதைப் போட முடியும்.